இரண்டு பதிவுகளுக்கு நடுவே ஒரு கோடு

நம் அலுவலகத் தமிழ் நண்பர்கள் ஆண்டுதோறும் கொண்டுவரும் மலருக்கு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது வழக்கம். அவர்களும் பெரும்பாலும் தாங்கள் கண்டுபிடித்த எண்ணெயைப் பற்றி எழுதுவார்கள். நான் கண்டுபிடித்ததைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு எழுதியாகிவிட்டது. அதில் பாதி உண்மை. இது மீதிப் பாதியைப் பற்றியது.

உங்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், சரளமாகப் படிக்க வராது என்று தெரியும். வீட்டில் அப்பாவையோ அம்மாவையோ வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களுக்கும் புரியும்படிதான் எழுதியிருக்கிறேன்.

நான் தாராவியில் வளர்ந்தவன். மாட்டுங்காவில் கல்லூரி. நிலவியல் படித்து முடித்து இந்த வேலைக்கு வருவதற்கு முன், மும்பையில் அச்சான ஒரு தமிழ் நாளிதழில் இரண்டு ஆண்டுகள் செய்தி திருத்தினேன். அங்கே செய்தி ஆசிரியராக இருந்தவர் அதிகம் பேசமாட்டார். என் முதல் வாரத்தில், நான் திருத்திய செய்தி ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பார்த்தது, கேட்டது, நினைச்சது. மூணையும் ஒரே வாக்கியத்துல போட்டுக் கலக்காதே. வாசகனுக்கு எது எதுன்னு தெரியணும்." அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது அது ஒன்றுதான். எண்ணெய்த் துறையில் முதல் சில ஆண்டுகள் அதை வைத்துத்தான் பிழைத்தேன். பிறகு ஒருநாள் அதைக் கைவிட்டேன்.

கப்பல் கடலின் மேல் நேர்க்கோட்டில் போகும். ஒலி அனுப்பும். கீழே உள்ள பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வாங்கி ஒரு படமாக்குவோம். பூமியைக் கத்தியால் செங்குத்தாக வெட்டிப் பார்த்தது போன்ற படம். அதைப் பதிவு என்கிறேன். இப்போது நெருக்கமாகப் பதிவு எடுக்கிறார்கள். நான் சேர்ந்த காலத்தில் ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவே பல கிலோமீட்டர் இடைவெளி இருக்கும். வடக்குப் பதிவில் பாறை உடைந்து ஒரு பக்கம் இறங்கியிருக்கும். தெற்குப் பதிவிலும் அப்படியே. நடுவில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. ஆனால் வரைபடத்தில் நடுவிலும் எதையாவது போட்டாக வேண்டும். இரண்டு உடைப்பும் ஒரே பிளவின் இரு இடங்கள் என்று நினைத்தால், கோடு போட்டுச் சேர்ப்போம். அந்தக் கோட்டைத் துண்டு துண்டாகப் போடுவது வழக்கம். முழுக்கோடு என்றால் பார்த்தது. துண்டுக்கோடு என்றால் நினைத்தது. என் செய்தி ஆசிரியர் வகுத்த விதிதான். இங்கே அது பென்சிலில் இருந்தது.

எந்தத் திசையில் சேர்ப்பது என்பதற்கும் ஒரு வழக்கம் இருந்தது: கரைக்கு இணையாகச் சேர். மேற்குக் கரை முழுவதும் அப்படித்தான் உடைந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பொதுவாக அது சரிதான். எல்லா இடத்திலும் சரியல்ல என்பதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

இந்தக் கரையை ஒட்டி ஒருகாலத்தில் கடல் இல்லை. நிலம் தொடர்ந்து போனது. முதலில் மடகாஸ்கர் பிரிந்தது. வெகுகாலம் கழித்து சீஷெல்ஸ் தீவுகளின் நிலம் பிரிந்தது. பிரியும்போது நிலம் இழுபட்டு, மெலிந்து, பிளவுபட்டுப் பள்ளங்கள் விழுந்தன. அந்தப் பள்ளங்களில் மண் சேர்ந்து படுகைகள் ஆயின. நாம் எண்ணெய் தேடுவது அங்கேதான். ஆனால் இழுபட்ட நிலம் புது நிலம் அல்ல. அதற்கும் பல மடங்கு காலம் முன்பே பலமுறை மடிந்து, ஒட்டி, நசுங்கிய நிலம். மரத்துக்கு இழையோடும் வாட்டம் இருப்பதுபோல அதற்கும் வாட்டம் இருந்தது. தெற்கே, கர்நாடகப் பக்கத்துப் பழம்பாறையின் வாட்டம் ஏறக்குறைய கரைக்கு இணையாக வடக்கு வடமேற்காக ஓடுகிறது. சாத்பூரா, நர்மதைப் பக்கத்து வாட்டம் அதற்குக் குறுக்கே கிழக்கு மேற்காகக் கடலுக்குள் இறங்குகிறது. இன்னும் வடக்கே ஆரவல்லியின் வாட்டம் வேறொரு திசை. கண்டம் பிரியும்போது புது இடத்தில் கிழியவில்லை. பழைய பலவீனம் எங்கே இருந்ததோ அங்கே கிழிந்தது. இணையான வாட்டம் கிடைத்தவரை அதன்வழியே நேராக ஓடியது. குறுக்கு வாட்டம் வந்த இடத்தில் திரும்பியது, அல்லது நின்றுபோய்த் தள்ளி ஆரம்பித்தது. மும்பைக்கு நேர் மேற்கே கடலடியில் இந்த வாட்டங்கள் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

இதெல்லாம் எனக்கு அப்போதே பாடப்புத்தகத்தில் தெரியும். இருந்தும் என் கோடு நேராகத்தான் ஓடியது.

எங்கள் வரைபடப் பிரிவில் செல்லத்துரை அண்ணன் இருந்தார். நாங்கள் பென்சிலில் போட்டதை வழுவழுப்பான ஒளிபுகும் தாளில் மையால் எடுத்து எழுதுவது அவர் வேலை. திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு சந்து தள்ளிக் குடியிருந்தார். அலுவலகத்தில் யாராவது பக்கத்தில் இருந்தால் சார் என்பார், இல்லாவிட்டால் தம்பி.

நான் சொல்லும் அந்த வாரம், அவர் காலையிலிருந்தே எரிச்சலாக இருந்தார்.

"என்ன அண்ணே, முகம் சரியில்லையே?"

"அந்தக் கொத்தனாரைக் கட்டி வச்சு அடிக்கணும் தம்பி. மாடி ரூம்புக்கு மூணாவது தடவையா டைல்ஸ் மாத்தியாச்சு. அதே எடத்துல, ஸ்கேல் வச்சுக் கீறுனாப்பில பிளந்துட்டு நிக்கி."

"அதே இடத்துலயா?"

"நூல் பிசகல. கீழ மொதல்ல ரெண்டு குடிசையா இருந்துச்சுல்லா? ஒண்ணா சேத்து மேல மாடி எடுத்தோம். கீழ எங்க ஒட்டு இருக்கோ, மேல அங்கதான் பிளக்கு."

நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். "புது டைல்ஸுக்குக் கீழ ஒட்டு இருக்குன்னு எப்படி அண்ணே தெரியும்?"

"டைல்ஸுக்குத் தெரிய வேண்டாம் தம்பி. வீட்டுக்குத் தெரியும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சமயம் அவர் மேசைமேல் விரித்திருந்தது என் வரைபடம். வடக்குப் பதிவில் ஓர் உடைப்பு, தெற்குப் பதிவில் ஓர் உடைப்பு, நடுவே கரைக்கு இணையாக ஒரு துண்டுக்கோடு. அன்று மாலைக்குள் அது மையில் ஏறியாக வேண்டும். மறுநாள் கிணறு தோண்டும் இடங்களை முடிவுசெய்யும் குழு கூடுகிறது.

எங்கள் துறைத் தலைவர் தமிழர் அல்ல. மதியம் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "டாட்டட் லைன் பர் ரிக் கடா நஹீ ஹோதா" என்றார். துண்டுக்கோட்டின் மேல் ரிக், அதாவது துளையிடும் மேடை, நிற்காது என்று பொருள். திட்டவில்லை, உத்தரவும் போடவில்லை. சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். குழுவில் இருப்பவர்கள் துண்டுக்கோட்டைப் பார்த்தால் கேள்வி கேட்பார்கள். முழுக்கோட்டைப் பார்த்தால் கேட்கமாட்டார்கள். நான் செல்லத்துரை அண்ணனுக்கான குறிப்புச் சீட்டில் முழுக்கோடு என்று எழுதி அனுப்பினேன்.

அரை மணியில் அவர் சீட்டோடு என் மேசைக்கே வந்தார்.

"சார், ஒரு சந்தேகம்." பக்கத்தில் ஆள் இருந்தது. "பென்சில்ல துண்டு துண்டா இருக்கு. சீட்டுல முழுசுன்னு இருக்கு. எதைப் போடட்டும்?"

"சீட்டுல உள்ளபடி போடுங்க."

"நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. மை காஞ்சா பொறவு அழிக்க முடியாது."

"முழுசாவே போடுங்க அண்ணே."

கையெழுத்துப் போடச் சொல்லிச் சீட்டை நீட்டினார். போட்டேன். அவர் எப்போதும் அப்படிக் கையெழுத்து வாங்குபவர் அல்ல.

முதல் கிணறு வடக்குப் பதிவுக்குப் பக்கத்தில் இறங்கியது. அடுக்குகள் ஒரு பக்கம் சரிந்து மேலேறி வருகின்றன. அதன்வழியே ஏறிவரும் எண்ணெய், பிளவில் முட்டி நிற்க வேண்டும் என்பது கணக்கு. நின்றிருந்தது. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. என் கோடு நிரூபணமாகிவிட்டது என்றார்கள். உண்மையில் நிரூபணமானது அதன் வடக்கு முனை மட்டும். அதை நான் சொல்லவில்லை. பாராட்டும்போது குறுக்கே பேசுவது மரியாதை அல்ல என்று அப்போது எனக்குத் தோன்றியது.

இரண்டாவது கிணற்றுக்கு இடம் குறிக்கும் பொறுப்பு ராமநாதனிடம் வந்தது. என்னைவிட மூன்று ஆண்டு மூத்தவர். கல்யாணிலிருந்து தினமும் ரயிலில் வருவார். கோட்டின் நடுப்பகுதியை ஒட்டி இடம் பார்த்திருந்தார். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"முருகேசா, இந்த நடுப் போர்ஷன். அதைப் பாத்தியா, இல்லே போட்டியா?"

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "மேப்புல இருக்கே."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு, "சரி" என்று மேலே ஏறிப் போனார்.

கிணறு வறண்டது. பிளவின் வழியே எண்ணெய் கசிந்து போயிருக்க வேண்டும் என்று ஒரு விளக்கம் எழுதப்பட்டது. அதற்குக் கீழே ஒரு பத்தி: இடத்தைத் தேர்ந்தவர் பிளவின் ஆதாரத்தைச் சரிபார்க்கவில்லை. அந்தப் பத்தி ராமநாதனுடையது ஆயிற்று. அவரை வெகுதூரத்தில் ஒரு களத்துக்கு மாற்றினார்கள். குடும்பம் கல்யாணிலேயே இருந்தது. அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. அவர் என் பேரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீண்ட காலம் கழித்து மும்பைக்குத் திரும்பினார். நூலகப் பொறுப்பு கொடுத்தார்கள். நடைபாதையில் பார்த்தால் தலையசைத்துக்கொள்வோம்.

மறந்திருந்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். நான் மறக்கவில்லை. பதில் சொல்ல வேண்டிய நிலை வராதபடி பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதுவே ஒரு வேலை. செய்து செய்து உடம்பு அசந்துவிடும்.

இதற்கிடையில் வரைபடங்கள் எல்லாம் கணினிக்குப் போயின. மைத்தாளில் இருந்த முழுக்கோடு கணினியிலும் முழுக்கோடாகவே ஏறியது. அதை வைத்து ஒருவர் மாதிரி செய்தார். அந்த மாதிரியை வைத்து இன்னொருவர் அறிக்கை எழுதினார். செல்லத்துரை அண்ணன் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். பிறகு தவறிவிட்ட செய்தி வந்தது.

என் கடைசி ஆண்டுக்கு வருகிறேன். என் குழுவில் தீபா என்று ஒரு பெண். தேவ்நாரில் பிறந்து வளர்ந்தவர். அப்பா டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மூன்றாவது கிணற்றுக்குத் தீபா இடம் குறித்திருந்தார். அவருடைய முதல் இடம். வியாழக்கிழமை குழு கூடுகிறது. திங்கள்கிழமை அவருடைய வரைபடத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்.

அந்தப் பகுதியின் காந்தப்புல அளவீடு புதிதாக வந்திருந்தது. மேலே உள்ள மண்ணையும் உறைந்த எரிமலைக் குழம்பையும் தாண்டி அடிப்பாறை எப்படிக் கிடக்கிறது என்று அது ஓரளவு காட்டும். தீபா அதை அடியில் நிறங்களாகப் போட்டு, மேலே பிளவுகளைக் கறுப்பில் வரைந்திருந்தார். நடுவில் குறுக்காக, கிழக்கு மேற்காக ஒரு பட்டை தெரிந்தது. சாத்பூரா வாட்டம். வரைபடத்தில் இருபதுக்கு மேல் பிளவுகள் இருந்தன. ஒவ்வொன்றும் அந்தப் பட்டைக்கு வந்ததும் ஒன்று வளைந்தது, இல்லாவிட்டால் நின்றது. ஒரே ஒரு கோடு மட்டும் எதுவும் நடக்காததுபோல் அதன்மேல் நேராக நடந்து போனது.

பத்திரிகையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு விபத்தைப் பற்றிப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லி, ஒருவர் மட்டும் தடுமாற்றமே இல்லாமல் அழகாகச் சொன்னால், அவர் அந்த இடத்தில் இல்லை என்று எழுதாமல் எழுதிக்கொள்வோம்.

திங்கள் எதுவும் சொல்லவில்லை. செவ்வாயும் சொல்லவில்லை. பழைய ஆவணக் கிடங்கிலிருந்து என் பென்சில் தாளை மட்டும் வரவழைத்தேன். துண்டு துண்டாக இருந்தது. எனக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம். கிணறு இறங்க எட்டு மாதம். வறண்டால் நான் செம்பூர் வீட்டில் இருப்பேன். இதையும் கணக்குப் போட்டேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

புதன் மதியம் தீபாவே என் அறைக்கு வந்தார்.

"சார், ரெண்டு நாளா என் மேப்பையே பாத்துட்டு இருக்கீங்க. கலர் புடிக்கலையா?"

"கலர் நல்லாத்தான் இருக்கு. இந்த ஃபால்ட்டை, இந்தப் பிளவை எங்கேருந்து எடுத்தீங்க?"

"டேட்டாபேஸ்ல இருக்கு சார். ரொம்ப பழசு. அதையெல்லாம் யாரும் டச் பண்றதில்ல."

"யார் போட்டதுன்னு இருக்கா?"

"லெகஸின்னு மட்டும் இருக்கு. பேர் இல்ல."

"அதைப் போட்டது நான்."

"அரே வா! அப்ப கரெக்டாத்தான் இருக்கும்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் திரும்பி என் திரையைப் பார்த்தார். அதில் அவர் வரைபடமே இருந்தது. பென்சில் தாள் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அந்தப் பட்டையையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்டிக்காரர். முகம் மாறியது.

"சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நடுவுல அதைப் பாத்தீங்களா, போட்டீங்களா?"

அதே கேள்வி. ஏறக்குறைய அதே சொற்கள். அவர் கேட்டிராவிட்டால் நானாகச் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. சொல்லியிருப்பேன் என்று நினைக்க விருப்பம். ஆனால் அது நினைத்தது, பார்த்தது அல்ல.

"போட்டேன்" என்று தாளைத் திருப்பிக் காட்டினேன்.

"சார், மஸாக் பண்ணாதீங்க, விளையாடாதீங்க. நாளைக்கு மீட்டிங்."

"தெரியும்."

"ஏழு மாசம் சார்! என் முதல் லொகேஷன். என் பொண்ணு கடல்ல கிணறு தோண்டுறான்னு அப்பா தேவ்நார் பூரா சொல்லிட்டு வந்துட்டாரு. காய்கறிக்காரன் வரைக்கும் கேக்குறான், கிணத்துல தண்ணி வந்துச்சான்னு." குரல் உயர்ந்தது. "நீங்க மார்ச்ல போயிடுவீங்க. நான் இங்க முப்பது வருஷம் இருக்கணும். நீங்க சொல்லலைன்னா என் பேர்ல ஒரு வறண்ட கிணறு. சொன்னீங்கன்னா லொகேஷனே போச்சு. ரெண்டுலயும் மாட்டுறது நான்தான். கமால் ஹை, நல்ல கூத்து சார்."

அவர் சொன்னதில் தவறு இல்லை.

"நாளைக்கு நானே சொல்றேன்" என்றேன்.

"சொல்லுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் தீபா தன் வரைபடத்தைக் காட்டினார். இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்து சொன்னேன். இரண்டு பதிவிலும் பிளவைப் பார்த்தேன், நடுவில் பார்க்கவில்லை, துண்டுக்கோட்டை நான்தான் முழுக்கோடாக்கச் சொன்னேன், குறுக்கு வாட்டத்தைத் தாண்டி அது நேராகப் போக வாய்ப்புக் குறைவு. பென்சில் தாளைக் கொடுத்தேன். கைமாறிப் போய்வந்தது.

கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர், "அங்கே பிளவு இல்லை என்பதற்கு ஆதாரம் உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை. இருக்கிறது என்பதற்கும் இல்லை. இருப்பது என் கையெழுத்து மட்டும்."

"முதல் கிணற்றில் எண்ணெய் வந்ததே?"

"அது வடக்குப் பதிவுக்குப் பக்கத்தில். அங்கே நான் பார்த்தேன்."

இரண்டாவது கிணற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானே சொன்னேன். கசிவு என்று எழுதிய விளக்கம் தவறாக இருக்கலாம், தடுத்து நிறுத்தப் பிளவே அங்கு இல்லாமல் இருந்திருக்கலாம், ராமநாதன் ஆதாரத்தைச் சரிபார்க்கவில்லை என்ற பத்தி தவறு, அவர் என்னிடம் கேட்டார், நான் பொய்யான பதில் சொன்னேன்.

"அது முடிந்த விஷயம்" என்றார் தலைவர். கோபமில்லை, சலிப்புத்தான். அடுத்த வாரம் கூட்டக் குறிப்பு வந்தது. தீபாவின் இடம் நிறுத்திவைக்கப்பட்டது என்றும், நடுவில் சில குறுக்குப் பதிவுகள் எடுக்கப்படும் என்றும் இருந்தது. ராமநாதனைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மார்ச்சில் ஓய்வு பெற்றேன். அதுவரை தீபா வேலை சம்பந்தமாக மட்டும் பேசினார். மழை முடிந்து பதிவுகள் வந்த பிறகு ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், உங்க கோடு இல்ல."

"சரி."

"ஃபுல்லா இல்லைன்னு இல்ல. வடக்கேருந்து வருது. அந்தப் பட்டைகிட்ட வந்ததும் செத்துப் போயிடுது. கிழக்கால தள்ளி வேற ஒண்ணு ஆரம்பிச்சுப் போகுது. நடுவுல ரேம்ப் மாதிரி சரிவா, உடையாம இருக்கு. எண்ணெய் வந்திருந்தாலும் அது வழியா நேரா மேல ஏறிப் போயிருக்கும்."

"இரண்டாவது கிணறு?"

"ரேம்ப் மேல. என் லொகேஷனும் அங்கதான். தேங்க் யூ எல்லாம் சொல்ல மாட்டேன் சார்."

"வேண்டாம்."

"புதுசா ஒரு இடம் பாத்திருக்கேன். நடுவுல துண்டு துண்டாத்தான் போட்டிருக்கேன். கேள்வி மேல கேள்வி கேக்குறாங்க. பதில் சொல்லிட்டு இருக்கேன்." வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண் போனேன். செம்பூரிலிருந்து குர்லா வந்து வண்டி மாற வேண்டும். ஞாயிறு என்பதால் உட்கார இடம் கிடைத்தது. ராமநாதன் மூன்றாவது மாடியில் இருக்கிறார். கதவைத் திறந்தது அவர் மனைவி. ராமநாதன் மேசையில் குடியிருப்புச் சங்கத்தின் தண்ணீர் லாரி வரும் நாட்களைப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்.

"வா, முருகேசா. யாராவது போய்ட்டாளா? ரிட்டயர் ஆனவா வீட்டுக்கு வந்தா அதுக்குத்தான் வருவா."

"யாரும் போகலை. பழைய கிணறு விஷயம்."

"எந்தக் கிணறு? என் கிணறா?"

"ஆமா."

அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. நான் முழுவதையும் சொன்னேன். சீட்டில் கையெழுத்துப் போட்டதிலிருந்து தீபாவின் தொலைபேசி வரை. முடித்த பிறகு கேட்டார்.

"பென்சில்ல துண்டாத்தான் இருந்துதா?"

"இருந்தது."

"நான் உன்னைக் கேட்டேனோல்லியோ? மாடிப்படியிலே?"

"கேட்டீங்க."

"நீ என்ன சொன்னே?"

அவருக்குத் தெரியும். என் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்திருக்கும்.

"'மேப்புல இருக்கே'ன்னு சொன்னேன்."

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ராமநாதன் அவர் பக்கம் திரும்பி, "கேட்டுக்கோ" என்றார். பிறகு என்னிடம்:

"எனக்கே சந்தேகம் வந்துடுத்து, தெரியுமா? கேட்டேனா, கேட்டதா நெனச்சுண்டேனான்னு. சரிபார்க்கலை சரிபார்க்கலைன்னு அவா எழுதினதைப் படிச்சுப் படிச்சு, நான் கேக்கவே இல்லைன்னு ஆயிடுத்து. இவகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். என் தப்புதான்னு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பட்டியலில் அடுத்த நாளை எழுதினார்.

"கோவப்படத் தெம்பு இல்லை, முருகேசா. நீ ஒண்ணு பண்ணு. எழுதிக் குடு."

"ஃபைலுக்கு ஒரு நோட் அனுப்பறேன்."

"ஃபைல்ல வேண்டாம். ஃபைல்ல ஆளே இருக்கமாட்டா. நீ போட்டே, நான் கேட்டேன்னு எழுது. புதுசா வேலைக்கு வரவா படிக்கறாப்பல எழுது."

லிஃப்ட் வரை அவர் மனைவிதான் வந்தார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய பாடம் இதில் எது என்று யோசித்தேன். பழைய பாறையின் வாட்டத்தைப் பாருங்கள் என்பது நியாயமான பாடம். கண்டம் பிரிந்தபோது எங்கே கிழிய வேண்டும் என்பதை அதுவே முடிவுசெய்தது, இன்னும் அதுவே முடிவுசெய்யும். ஆனால் அது எனக்கும் தெரிந்திருந்தது, தெரிந்தும் உதவவில்லை. ஒருவர் மாடிப்படியில் நிறுத்திக் கேள்வி கேட்டால் அதற்கு உள்ளபடி பதில் சொல்லுங்கள். இதைவிடப் பெரிதாக என்னிடம் ஒன்றும் இல்லை.

பத்திரிகையில் தவறு எந்தப் பக்கத்தில் எவ்வளவு பெரிதாக வந்தாலும், திருத்தம் உள்பக்கத்தில், விளம்பரங்களுக்கு நடுவே, பொடி எழுத்தில்தான் வரும். நானே அப்படிப் பல திருத்தங்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன். இதை அப்படிப் போட வேண்டாம் என்று மலர்க் குழுவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

திருத்தம் இது. வடக்குப் பதிவில் பிளவைப் பார்த்தேன். தெற்குப் பதிவில் பார்த்தேன். நடுவில் பார்க்கவில்லை, போட்டேன். ராமநாதன் கேட்டார்.